குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை பற்றிய மனுக்களின் நிலை தனித்தாளில் உள்ளது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இங்கே பேச வேண்டியது கோடையைப் பற்றி.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. ஆனால் மயங்கி விழுந்தவரின் உடல் வெப்பத்தை யாரும் அளக்காவிட்டால், இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றே முடிந்து, நிவாரணம் கிடைக்காமல் போகக்கூடும். ஆகவே தெருவுக்கு ஓர் உடல் வெப்பமானி இருக்க வேண்டும்.

இதுவரை நம் உழைப்பெல்லாம் தெருமுனை மோர்ப்பந்தலுக்கே போனது. வழிப்போக்கருக்கு அது நல்லதுதான். படுக்கையில் கிடக்கும் முதியவர் பந்தலுக்கு வரமாட்டார். அவர் வீட்டுக் கதவை நாம்தான் தட்ட வேண்டும். எப்போது என்பது கூரையைப் பொறுத்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் நண்பகலில் கொதித்து, வெயில் தாழ்ந்ததும் ஆறத் தொடங்கும். அங்கே பிற்பகல் 2 மணிக்குப் போக வேண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழுள்ள தளத்தில் கான்கிரீட் இரவிலும் அனலை இறக்கும். அங்கே இரவு 9 மணிக்கு. சென்னையின் ஈரக்காற்றில் வியர்வையும் எளிதில் உலராது.

வயதானவர்களுக்குத் தாகம் மந்தமாகவே தெரியும். நீர் பிரியும் மாத்திரையும் சில மனநல மருந்துகளும் ஆபத்தைக் கூட்டும். தாமாக நிறுத்தக்கூடாது, கோடைக்கு முன்பே மருத்துவரிடம் அளவைக் கேட்டுவிட வேண்டும். சிறுநீரக, இதய நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.

வியர்வையில் போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொடியைக் கரைக்க, பெரிய பொட்டலம் ஒன்றுக்கு 1 லிட்டர் தண்ணீர். முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து கேடாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது.

கடும் வெப்பத்தில் உடல் கொதித்து, பேச்சுக் குழறினாலோ, ஆளைத் தெரியாமல் உளறினாலோ அதை வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டிக்குக் காத்திராமல் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

வீட்டுக்குள் வெப்பம் குறையக் கூரைக்கு வெள்ளையடிக்கும் வேலையை வரும் ஆண்டு பிப்ரவரியிலேயே தொடங்குகிறோம். சுண்ணாம்பில் பசை சேர்க்காவிட்டால் முதல் கோடை மழையிலேயே கரைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் சுரண்டினால் நார்த்தூசி நுரையீரலுக்குள் போகும். நனைத்து மட்டுமே துடைக்க வேண்டும். ஷீட்டின்மேல் நேராகக் கால் வைக்காமல், தாங்குசட்டத்தின்மேல் பலகை போட்டே ஏற வேண்டும்.

தனியாக வசிப்போர் பட்டியல் தெருவாரியாகத் தயாராகிறது. மதியம் 2 மணிக்குப் போகத்தான் ஆள் போதவில்லை. பகலில் வீட்டில் இருக்கும் உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

செயலாளர்