கோ-ஓமோதே: காகிதத்தில் ஒரு நோ முகம்

அன்புள்ள கயலுக்கு,

ஜப்பானின் பழைய மேடைக் கலையான நோ நாடகத்தின் முகமூடியைக் காகிதத்தில் செய்து பார்க்கப்போவதாக எழுதியிருந்தாய். கொம்பும் கோரைப்பல்லுமாக இருக்கும் ஹன்யா என்ற பேய்முகத்தில்தான் பலரும் கைவைப்பார்கள். நீ கோ-ஓமோதேயில் தொடங்கம்மா. அது இளம்பெண்ணின் முகம். அதில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. நடிகர் முகத்தைச் சற்று நிமிர்த்தினால் மலரும். அதைத் 'தெராசு' என்பார்கள். கவிழ்த்தால் வாடும், அது 'குமோராசு'. நிழல் விழும் இடம் மாறுவதால்தான் இது நடக்கிறது. ஆகவே, நீ செய்யும் ஒவ்வொரு வேலையும் அந்த நிழலைக் கெடுக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்.

அசலை ஹினோக்கி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் செதுக்குவார்கள். காகிதத்தில் செய்வதும் ஜப்பானுக்குப் புதிதல்ல. அச்சின்மேல் வாஷி என்னும் ஜப்பானியக் கைத்தாளை ஒட்டிப் பொம்மையும் முகமூடியும் செய்யும் ஹரிகோ அங்கே பழைய கைவேலை.

உயரம் 21 செ.மீ., அகலம் 13.5 செ.மீ., ஆழம் சுமார் 7 செ.மீ. வைத்துக்கொள். உன் முகத்துக்குச் சின்னதாகத் தோன்றும், பெரிதாக்கிவிடாதே. நடிகரின் தாடை கீழே தெரிவதே நோவின் வழக்கம்.

பலகையில் நடுக்கோடு போட்டு, காகிதப் பந்து ஒன்றை உள்ளே வைத்து, அதன்மேல் களிமண்ணை அப்பு. எண்ணெய்க் களிமண் கிடைத்தால் நல்லது, காயாது, வெடிக்காது. பானைக் களிமண் காகிதம் காய்வதற்குள் சுருங்கி வெடித்துவிடும். எட்டு அடுக்குக் காகிதம் ஏறினால் கூர்மையெல்லாம் மழுங்கும். அதனால் இமை ஓரத்தையும் உதட்டு ஓரத்தையும் களிமண்ணில் கொஞ்சம் மிகையாகவே வெட்டு. இரண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கவேண்டியதில்லை. மிகச் சரியாக ஒத்துப்போன முகம் செத்துக் கிடக்கும். காகிதம் ஒட்டுமுன் அறையை இருட்டாக்கி, மேலே ஒரு விளக்கை மட்டும் வைத்து, பலகையோடு நிமிர்த்திக் கவிழ்த்துப் பார். முகம் மாறவில்லையென்றால் பெரும்பாலும் உதட்டுக் கோடியில்தான் குறை இருக்கும். அதை இப்போதே திருத்து. பிறகு எந்த வண்ணமும் காப்பாற்றாது.

பசைக்கு ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு கப் கொதிக்கும் நீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறு. மயில்துத்தம் சேர்க்காதே, அது விஷம், இது முகத்தில் படும் பொருள். களிமண்மேல் வாசலின் தடவு. காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழி. கிழிந்த ஓரம் மெலிந்து படியும், வெட்டிய ஓரம் படிக்கட்டாக நிற்கும். துண்டுகள் 2 செ.மீ. அகலம், கண்ணருகே அதில் பாதி. ஒரு சுற்று செய்தித்தாள், அடுத்த சுற்று பழுப்புத்தாள் என்று மாற்றி ஒட்டினால் விட்டுப்போன இடம் கண்ணில் படும். நாளுக்கு இரண்டு சுற்று போதும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து ஓரம் சுருளும். நிழலில் காற்றாட வை. உள்ளே ஈரம் இருக்கும்போது கழற்றினால் தாடை உள்வாங்கிவிடும். நன்றாகக் காய்ந்தபின் பின்பக்கமாகக் களிமண்ணைத் தோண்டி எடு.

கருவிழியில் சின்னச் சதுரத் துளை வெட்டு. நன்றாகத் தெரியட்டும் என்று பெரிதாக்கினால் பார்வையே போய்விடும். நோ நடிகருக்கும் அதிகம் தெரியாது. மேடை மூலையிலுள்ள மெத்சுகே தூணைப் பார்த்துத்தான் இடத்தைக் கணிக்கிறார்.

அசலில் பூசுவது கோஃபுன், அதாவது சிப்பி ஓட்டுப் பொடி. அதைக் கட்டுவது நிகாவா என்னும் விலங்குப் பசை. உனக்குச் சலித்தெடுத்த சாக்பீஸ் பொடியும் ஃபெவிகாலும் போதும். மூன்று பங்கு பொடி, ஒரு பங்கு ஃபெவிகால், மோர் பதத்துக்குத் தண்ணீர். முதல் பூச்சில் பசை சற்றுத் தூக்கலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்கட்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு இழுத்துக்கொண்டு வெடிக்கும். விரலில் மாவு ஒட்டினால் பசை போதவில்லை. ஒன்றைக் குறுக்காகவும் அடுத்ததை நெடுக்காகவும் ஆறு மெல்லிய பூச்சு போட்டு, இடையிடையே நைஸ் உப்புத்தாளால் தேய். கடைசிப் பூச்சில் துளி மஞ்சள் காவி கலந்துகொள். வெறும் வெள்ளை விளக்கடியில் பீங்கான் தட்டுபோல் இருக்கும். முன்பக்கத்துக்கு வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பளபளப்பு நிழலைத் தின்றுவிடும்.

இனி வண்ணம் தீட்டு. நடுவகிடு எடுத்து, இருபுறமும் மும்மூன்று கூந்தல் இழைகளை, ஒன்றையொன்று வெட்டாமல் கன்ன ஓரமாக இறங்கும்படி வரை. புருவம் அதன் இயல்பான இடத்தில் வராது. நெற்றியின் மேலே, ஈரமில்லாத தூரிகையால் புகைபோலத் தேய்த்து விடு. பற்கள் கறுப்பு. அக்காலப் பெண்களின் வழக்கம் அது. உதட்டுக்கு மங்கிய சிவப்பு.

உட்புறத்துக்கு இரண்டு கை அரக்கு வார்னிஷ் அடி, இல்லாவிட்டால் வியர்வையில் ஊறிப்போகும். கயிற்றுத் துளைகளைக் கண் மட்டத்தில், பக்க ஓரங்களில் போட்டு, உள்ளே துணி ஒட்டிப் பலப்படுத்து. நெற்றிப் பக்கம் துணியில் பஞ்சு வைத்துத் தைத்த சின்னத் திண்டு வை. அதன் தடிமனைக் கூட்டிக் குறைத்துத்தான் முகத்தின் சாய்வைச் சரிசெய்வார்கள். எடுக்கும்போது துளை இருக்கும் ஓரங்களை மட்டும் பிடி. முன்பக்கத்தில் விரல் வைக்காதே. எண்ணெய்க் கறை ஏறினால் போகாது.

பூச்சு வேலை தொடங்குமுன், விளக்கடியில் நிமிர்த்தி ஒன்று, கவிழ்த்து ஒன்று என இரண்டு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா