குவாரிக் குழிக்கும் ஒரு வரலாறு எழுதுங்கள்: நெல்லைச் சீமை கிராம சபைகளுக்குத் திறந்த மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும் கிராம சபைக்கு வரும் எல்லாருக்கும் வணக்கம்.

கோயிலுக்கு வரலாறு இருக்கிறது, குளத்துக்கு இருக்கிறது. கல்குவாரிக்கு இல்லை. குத்தகை முடிந்தால் லாரி போய்விடும். குழி ஊரோடு கிடக்கும். எவ்வளவு ஆழம், எந்தச் சுவர் மோசம், எவ்வளவு கல் போனது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. 2022 மே 14 இரவு அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நான்கு பேரைப் பறிகொடுத்தோம். இனியாவது எழுதி வையுங்கள்.

உளி, சம்மட்டி, ஆப்பு வைத்து உடைத்த காலத்தில் குழி அகலத்தில்தான் பரவியது. காற்றழுத்தக் கம்ப்ரசரும், அதில் ஓடிப் பாறையைத் துளைக்கும் ஜாக்ஹாமரும் வந்த பிறகே செங்குத்தாக இறங்கியது. உங்கள் ஊரில் அது எப்போது என்று பழைய கல் உடைப்பவர்களிடம் கேளுங்கள். ஆபத்தின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கடினப் பாறையில் ஒரு பெஞ்ச், அதாவது குவாரிச் சுவரில் விடும் படி, 6 மீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது என்பது சுரங்க விதி. இதை ஏன் மீறுகிறார்கள்? கணக்குப் போட்டால் தெரியும். 100 மீட்டருக்கு 100 மீட்டர் இடம், 30 மீட்டர் ஆழம். நேராக வெட்டினால் 3,00,000 கன மீட்டர் கல். 6 மீட்டர் உயரமும் அதே அகலமுமாகப் படி விட்டு இறங்கினால், அடித்தளம் 52-க்கு 52 ஆகச் சுருங்கி, கிடைப்பது ஏறக்குறைய 1,82,000 கன மீட்டர்தான். ஐந்தில் இரண்டு பங்கு கல் சுவரிலேயே நின்றுவிடும். அந்தக் கல்லுக்கு ஆசைப்பட்டுத்தான் படியை வெட்டி எடுக்கிறார்கள். பிறகு சுவரைத் தாங்க எதுவும் இருக்காது.

போன கல்லை அளக்கும்போது ஒரு தப்பு எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி; ஆனால் அது உதிரி ஜல்லியின் அளவு. பாறையாக இருந்தது உடைந்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதிவிடும். லாரிக் கணக்கையும் குழிக் கணக்கையும் அப்படியே ஒப்பிட்டால் சண்டைதான் வரும். ஒரு கன மீட்டர் பாறை ஏறக்குறைய 2.65 டன்; குழியின் கன மீட்டரை அதனால் பெருக்கி டன்னாக்குங்கள், கல் ஏற்றிய லாரிக்குத் தரும் நடைச்சீட்டில் உள்ள அளவையும் டன்னாக்குங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று அப்புறம் பாருங்கள்.

தயவுசெய்து விளிம்பில் நின்று கயிறு விட்டு ஆழம் பார்க்காதீர்கள். பரப்பளவைப் பழைய செயற்கைக்கோள் படங்களில் ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். ஆழத்துக்குச் சர்வேயரைக் கூப்பிடுங்கள். விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல்தான் எமன். விரிசலுக்குள் அரசங்கன்று முளைத்து, மழை விட்ட பிறகும் ஈரம் காயாமல் இருந்தால், தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் ஆடு மாடு கூடப் போகக்கூடாது. தண்ணீர் நின்ற குழி இன்னும் மோசம்: ஊர்க்குளத்தில் கரையிலிருந்து படிப்படியாக ஆழம் கூடும், இங்கே முதல் அடியிலேயே ஆள் முழுகும்.

சர்வே எண், குத்தகை தொடங்கிய நாள், முடிந்த நாள், ஆழம், விரிசல் உள்ள பக்கம், வேலி உண்டா இல்லையா, நடந்த விபத்துகள், இறந்தவர் எண்ணிக்கை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். அடுத்த கிராம சபையில் அதை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, ஒரு நகலைக் கனிமவள அலுவலகத்துக்கு அனுப்பி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கல்குவாரி வேலை தெரிந்த சிலர்,
திருநெல்வேலி