தொட்டியின் விளிம்பு

அன்புள்ள அக்கா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தபோது அப்பா, அம்மா, தாத்தா, பெரியம்மா என்று வரிசையாக எழுதினாய். தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டுக் கோயில் படி இறங்கும்போதுதான் செத்துப்போன நம் தம்பி குட்டியின் ஞாபகம் வந்தது என்றாய். 31 வருஷத்தில் ஒரு தடவைகூட அவனுக்காக எழுதவில்லையே, இனிமேல் ஜெபித்து என்ன, எந்த ஜெபத்தைச் சொல்வது என்று அழுதாய். நான் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால் நானும்தான் எழுதியதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சாமியார் பூசையில் முதலாம் நற்கருணை மன்றாட்டு என்ற நீண்ட ஜெபத்தை எடுத்து, ஒரு புனிதர் பெயரையும் விடாமல் வாசித்தால் பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா என்று போகும், கவனித்திருக்கிறாயா? அதில் இரண்டாவதாக வரும் பெர்பெத்துவாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இன்றைய துனிசியாவில் இருக்கும் கார்த்தேஜ் நகரத்துக்காரி. நல்ல குடும்பம், நல்ல படிப்பு. 203ஆம் ஆண்டில் கிறிஸ்தவ வேதத்துக்காகப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு ஏறக்குறைய 22 வயது. கையில் பால்குடி மறக்காத ஆண் குழந்தை. கணவனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தைகூட இல்லை. ஏன் இல்லை என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"வார்த்தை இல்லை" என்று சொல்கிறேனே, எதில் தெரியுமா? அவள் சிறையிலிருந்து தானே எழுதிவைத்த குறிப்பில். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி எழுதி நம் கைக்கு வந்து சேர்ந்தவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. நமக்குச் சின்ன வயதில் சொன்ன புனிதர் கதைகளில் எல்லோரும் பிறந்ததிலிருந்தே பயமில்லாதவர்களாக இருப்பார்கள். இவள் அப்படி இல்லை. அப்படியொரு இருட்டைப் பார்த்ததே இல்லை, பயந்துபோனேன் என்று எழுதுகிறாள். கூட்டம், புழுக்கம், பணம் பறிக்கும் காவலர்கள், எல்லாவற்றுக்கும் மேலே குழந்தையைப் பற்றிய கவலை. தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்று இரண்டு தியாக்கோன்கள், அதாவது திருச்சபைப் பணியாளர்கள், காவலர்களுக்குக் காசு கொடுத்து, சிறையின் நல்ல பகுதியில் சில மணி நேரம் இருக்க வழி செய்தார்கள். (அந்தக் காலத்துத் திருச்சபை லஞ்சம் கொடுத்த விஷயத்தை அவள் மறைக்கவே இல்லை.) பசியில் வாடிப்போயிருந்த பிள்ளைக்கு அங்கேதான் பால் கொடுத்தாள். பிறகு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே தனக்கு அரண்மனை ஆகிவிட்டது என்கிறாள்.

அவளுடைய அப்பா கிறிஸ்தவர் இல்லை. மகளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் திரும்பத் திரும்ப வருகிறார். அங்கே இருந்த ஒரு செம்பைக் காட்டி, "இதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா அப்பா?" என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். "அப்படித்தான் நானும், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எப்படி என்னைச் சொல்லிக்கொள்ள?" என்கிறாள். கண்ணைப் பிடுங்குவதுபோல் பாய்ந்து வருகிறார். இன்னொரு நாள் கையைப் பிடித்து முத்தமிட்டு, காலில் விழுந்து, நரைத்த தலையைப் பார்த்தாவது இரங்கு என்று அழுகிறார். விசாரணை நாளில் அவளுடைய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்ற அவரை அதிகாரி ஹிலாரியானுஸ் தடியால் அடிக்கச் சொன்னபோது, என்னையே அடித்ததுபோல் இருந்தது என்று எழுதுகிறாள். எனக்கு அந்தக் கிழவரை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை.

அந்த விசாரணையில் அவளையும் கூடப் பிடிபட்ட கிறிஸ்தவர்கள் எல்லோரையும் மிருகங்களுக்குப் போடும்படி தீர்ப்பாகிவிட்டது. நான் உனக்குச் சொல்ல வந்த விஷயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

சில நாள் கழித்து எல்லோரும் சேர்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் அவள் வாயிலிருந்து தன்னையறியாமல் ஒரு பெயர் வருகிறது: தினோக்ராதெஸ். அவளுடைய தம்பி. 7 வயதில் முகத்தில் புற்றுநோய் வந்து, பார்த்தவர்களெல்லாம் அருவருக்கும்படி செத்துப்போனவன். அந்த இடத்தில் அவள் எழுதுவதைக் கவனி. அதுவரை ஒருநாளும் அவன் நினைவு வரவில்லையே என்று திகைத்துப்போனாளாம். நீ கோயில் படியில் நின்று சொன்னதும் இதேதான் அக்கா. அவளும் தம்பியை மறந்திருந்தாள். மறந்ததற்காகத் தன்னைத் திட்டிக்கொண்டு ஒரு வரியும் எழுதவில்லை. அவனுக்காக மன்றாட வேண்டியவள் நான் என்று உடனே புரிந்தது என்கிறாள், ஜெபிக்க ஆரம்பித்துவிடுகிறாள்.

அன்று இரவே ஒரு காட்சி. இருண்ட இடத்திலிருந்து தம்பி வெளியே வருகிறான். உடம்பெல்லாம் அனல், வெளிறிப்போன முகம், அழுக்கு, சாகும்போது இருந்த அதே புண். இருவருக்கும் நடுவில் பெரிய இடைவெளி, கிட்டே போக முடியாது. அவன் நிற்கும் இடத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு தொட்டி. ஆனால் அதன் விளிம்பு பையனின் உயரத்துக்கு மேலே இருக்கிறது. எக்கி எக்கிப் பார்க்கிறான், எட்டவில்லை.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நீ போனில் சொல்லவில்லை, ஆனால் நீ எதை நினைத்து அழுதாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் காய்ச்சலில் குட்டி தண்ணி தண்ணி என்று கேட்டதும், கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் யாரோ உன்னிடம் சொல்லிவைத்ததும். உனக்கு அப்போது 12 வயது. எனக்கு 7, வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, அப்புறம் என்ன நடந்தது என்றால், அவர்களைப் படைமுகாம் சிறைக்கு மாற்றுகிறார்கள். ரோமப் பேரரசர் செப்திமியுஸ் செவேருஸின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டில்தான் இவர்கள் சாக வேண்டும். அங்கேயும் இரவும் பகலும் அழுது தம்பிக்காகக் கேட்கிறாள். எந்த ஜெபத்தைச் சொன்னாள் என்று எழுதவில்லை. கண்ணீர், பெருமூச்சு, அந்தப் பெயர். அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது. கால்களைத் தொழுமரத்தில் மாட்டியிருந்த ஒரு நாளில் மறுபடியும் காட்சி. அதே இடம், இப்போது வெளிச்சம். பையன் குளித்து நல்ல துணி உடுத்தியிருக்கிறான். புண் இருந்த இடத்தில் தழும்பு. தொட்டியின் விளிம்பு அவன் தொப்புள் அளவுக்கு இறங்கியிருக்கிறது. விளிம்பின் மேல் ஒரு பொன் கிண்ணம். குடிக்கக் குடிக்க அதில் தண்ணீர் குறையவில்லை. வேண்டுமட்டும் குடித்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் போவதுபோல் சந்தோஷமாக விளையாடப் போய்விட்டான்.

இரண்டாவது காட்சியில் தம்பியின் நிலையைச் சொல்ல அவள் பயன்படுத்திய லத்தீன் சொல்லின் வேர்தான் பூசையில் இறந்தோருக்காகச் சொல்லும் 'ரெஃப்ரிஜேரியும்' என்ற சொல்லிலும் இருக்கிறது. குளிர்ச்சி, களைப்பு தீர்தல் என்று பொருள். ஃப்ரிட்ஜ் என்கிறோமே, அதுவும் அந்த வேர்தான், சிரிக்காதே. இறந்தோருக்கான இன்னொரு ஜெபத்தில் நாம் 'நித்திய இளைப்பாற்றி' என்று சொல்கிறோம். எத்தனை அடக்கத்தில் வாய்ப்பாடாக ஒப்பித்திருக்கிறேன்! இளைப்பை ஆற்றுவது என்று பிரித்துப் பார்த்ததே இல்லை. தாகத்தோடு நின்ற பையனைப் படித்த பிறகு அந்த வார்த்தையை வேகமாகச் சொல்ல வரவில்லை.

200 வருஷம் கழித்து இந்தப் பையனை வைத்து ஒரு வாக்குவாதமே நடந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கும் வழி உண்டு என்பதற்கு ஒருவர் தினோக்ராதெஸைக் காட்டினார். திருச்சபையின் பெரிய அறிஞரான புனித அகுஸ்தீனார் மறுத்தார். 7 வயதுப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம், அப்பா அவனைச் சிலை வழிபாட்டுக்கு இழுத்திருக்கலாம் என்பது அவருடைய வாதம். அகுஸ்தீனாரோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அவன் என்ன பாவம் செய்தான் என்று அக்காக்காரி ஒரு வரிகூட எழுதவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்குத் தாகம் என்பதுதான்.

அவள் எப்படிச் செத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பகுதியை வேறொருவர் எழுதிச் சேர்த்திருக்கிறார். அடிமைப் பெண் பெலிசித்தாவும் கூட இருந்தாள். சிறையில் எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பெற்று இரண்டு நாள்கூட நிம்மதியாகப் படுத்திருக்காதவள். இருவர்மேலும் ஒரு முரட்டுப் பசுவை ஏவினார்கள். பெர்பெத்துவா தூக்கியெறியப்பட்டு விழுந்ததும் கிழிந்த உடையை இழுத்து மூடிக்கொண்டாள், அவிழ்ந்த கூந்தலை ஊசியால் முடிந்துகொண்டாள், எழுந்துபோய்ப் பெலிசித்தாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். கடைசியில், அனுபவமில்லாத வீரன் ஒருவனுடைய கத்தி எலும்பில் பட்டு அவள் அலறினாள். நடுங்கிய அவன் கையைத் தானே பிடித்துத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனாள். மார்ச் 7 அவர்கள் திருநாள்.

அந்த நாளில் குட்டிக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்று இங்கே கோயில் அலுவலகத்துக்குப் போனேன். பெயர் கேட்டார்கள். குட்டி என்றுதான் சொல்ல வந்தது. தாத்தா பெயரை வைத்தார்கள் என்று ஞாபகம், எந்தத் தாத்தா என்று தெரியவில்லை. அந்தோணியா, சவரிமுத்துவா? நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். அம்மா எல்லாப் பாத்திரத்திலும் பெயர் வெட்டி வைப்பாளே. அவனுடைய சின்ன எவர்சில்வர் டம்ளர் உன் வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும். எடுத்துப் பார்த்துச் சொல்.

உன் தம்பி