ஜீரோவுக்கு வெட்டிய மதிப்பெண்

எங்கள் கால் சென்டரின் குவாலிட்டி, டிரெயினிங் மேலாளர்களுக்கு,

வணக்கம். போன மாத ஸ்கோர் வந்ததிலிருந்து எங்கள் டீமில் என்ன பேச்சு ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கால் மதிப்பீட்டில் எம்.டி.ஐ.க்கு வைத்திருக்கும் 15 மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள்.

எம்.டி.ஐ. என்பதை விரித்தால் தாய்மொழித் தாக்கம், அதாவது ஆங்கிலம் பேசும்போது தமிழ் உச்சரிப்பு எட்டிப்பார்ப்பது. ஏதோ விஷக்காய்ச்சல் தாக்கிய மாதிரி.

என் கதையையே சொல்கிறேன். ஒஹாயோவிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். பிறந்த தேதி தப்பாகப் பதிவாகி, அவருடைய மருந்துச் செலவு க்ளெய்ம் இரண்டு முறை திரும்பியிருந்தது. 11 நிமிடத்தில் சரிசெய்தேன். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்று அவர் சொல்லவில்லை; சர்வேயில் ஐந்துக்கு ஐந்து போட்டார். நீங்கள் எழுதிய குறிப்பு: "ஜீரோ என்கிறார், மூன்று இடங்களில்." ஆங்கில 'z' ஒலி வராமல் 'ஜ' வந்துவிட்டதாம். பாலிசி நம்பரிலேயே மூன்று ஜீரோ இருந்தால் நான் என்ன செய்ய? 85 வேண்டிய இடத்தில் 84. இன்சென்டிவ் 4,000 ரூபாய் போயிற்று. அது என் தங்கையின் ஹாஸ்டல் மெஸ் பில்.

அதோடு விட்டீர்களா? ஒரு வாரம் ரிஃப்ரெஷர் பயிற்சி. உதட்டுக்கு முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு 'பீட்டர்' சொல்ல வேண்டும். அமெரிக்கர்கள் முதலில் வரும் 'ப'வைக் காற்றோடு சொல்வார்களாம், தாள் ஆட வேண்டுமாம். என் தாள் ஆடவில்லை. தமிழில் 'ப'வுக்கு அவ்வளவு மூச்சைச் செலவழித்துப் பழக்கமில்லை. நேற்று சேர்ந்த பிள்ளைகள் பார்க்க, பத்து நிமிடம் ஊதிக்கொண்டே நின்றேன். ஊரில் பீட்டர் விடுகிறான் என்று கேலி செய்வார்கள். நான் சம்பளத்துக்கே விட்டேன்!

நாக்கை மடித்து அவர்கள் சொல்லும் 'ஆர்' நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. அது எனக்கு முதல் நாளே வந்தது. அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. டெக்சாஸ்காரர் பேசுவது எனக்குப் புரியாவிட்டால் என் குறை, நான் பேசுவது அவருக்குப் புரியாவிட்டாலும் என் குறை.

இந்திய ஊழியரின் உச்சரிப்பைப் பேசும்போதே மாற்றிவிடும் மென்பொருளை டெலிபெர்ஃபார்மன்ஸ் என்ற கால் சென்டர் நிறுவனம் பயன்படுத்துவதாக 2025-ல் செய்தி வந்ததே, அதையாவது வாங்கிப் போடுங்கள். கம்ப்யூட்டர் ஊதிக்கொள்ளட்டும். ஃப்ளோரில் தமிழ் பேசினால் 50 ரூபாய் ஃபைன். பொங்கலுக்கு மட்டும் வேட்டி கட்டிவரச் சொல்லி குரூப் போட்டோ!

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். கேட்பது ஒன்றுதான். வாடிக்கையாளருக்குப் புரிந்ததா, அவர் வேலை முடிந்ததா என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள். அந்த 15 வேண்டாம். அந்தப் பாட்டியின் கால் ரெக்கார்டிங் உங்களிடமே இருக்கிறது. ஸ்கோர் ஷீட்டை மூடிவைத்துவிட்டு ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள். பேச வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், இந்த வாரம் முழுக்க நைட் ஷிப்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
84 வாங்கியவன்