ஒரே உணவு, ஒரே ரத்தம், மூன்று குழாய்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், "பைபாஸ் செய்துகொண்டவருக்கு மறுபடியும் அடைப்பு வந்தால், அவர் வாயைக் கட்டவில்லை என்றுதான் பொருள்" என்று ஒரு வரி அச்சாகியிருந்தது. என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். அன்றிரவு இரண்டாவது இட்லியைத் தொடாமலே எழுந்துகொண்டு, "நான் என்ன தப்புப் பண்ணினேன், நீயே சொல்லு" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்விதான் இக்கடிதத்தை எழுத வைக்கிறது.

2014-இல் அவருக்கு, இதயத்தின் அடைபட்ட குழாய்களைத் தாண்டி ரத்தம் போக மூன்று மாற்றுக் குழாய்களை இணைப்புகளாக வைத்து, பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்று மார்பின் உட்புறம் ஓடும் தமனி. மற்ற இரண்டும் இடது காலிலிருந்து எடுத்த சிரைகள். பீடி, சிகரெட்டை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் தீபாவளிக்குக்கூட எண்ணெய்ச் சட்டி ஏறாமல் எட்டு ஆண்டுகள் போயின. அதன் பிறகு மாடிப்படி ஏறுகையில் நெஞ்சு இறுக்கம் வந்து, குழாய்களில் சாயம் செலுத்திப் படம் பிடிக்கும் ஆஞ்சியோ எடுத்தபோது, கால் சிரைகளில் ஒன்று முழுவதும் மூடியிருந்தது, மற்றது முக்கால் பங்கு சுருங்கியிருந்தது, மார்புத் தமனியோ வைத்த நாளில் இருந்ததுபோலவே திறந்திருந்தது. மூன்றிலும் ஓடியது ஒரே மனிதரின் ரத்தம். மூன்றுக்கும் போய்ச் சேர்ந்தது நான் சமைத்துப் போட்ட அதே சோறு. வாயைக் கட்டாததுதான் காரணம் என்றால், மூன்றாவது குழாய் எப்படித் தப்பியது என்பதைத் தங்கள் கட்டுரையாளர் விளக்கியிருக்க வேண்டும்.

முப்பத்தோரு ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள் நான். தலைப்பிரட்டையின் வால் கரைவதைக் காட்டி, செல்கள் உடலின் கட்டளைக்குப் பணிந்து தாமே மடிவதும் உண்டு என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதே சாவு என் கணவரின் நெஞ்சுக்குள்ளும் நடந்திருக்கிறது என்பது பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. படுத்திருக்கும்போது, ரத்த அழுத்தம் அளக்கும் கணக்கில் 10 புள்ளி அளவு அழுத்தத்தையே காணும் கால் சிரையை வெட்டியெடுத்து, கசிவு பார்ப்பதற்காக ஊசிக்குழல் வழியே நீரேற்றிப் புடைக்கச் செய்து, துடிப்புக்குத் துடிப்பு 120 புள்ளி வரை எழுந்து விழும் இடத்தில் தைக்கிறார்கள். அதன் உட்படலம் உரிகிறது. சுவருக்கு ரத்தம் கொடுத்துவந்த நுண்குழல்களும் அறுந்துவிடுகின்றன. சுண்டெலிகளில் செய்த சோதனைகளில், முதல் சில நாட்களிலேயே சுவரின் தசைச் செல்கள் பெருமளவில் மடிவது காணப்பட்டது. எஞ்சிய செல்கள் அந்தக் காயத்தை ஆற்றுவதற்காகப் பெருகி, உட்புறமாக நகர்ந்து, சுவரைத் தடிக்கச் செய்கின்றன. ஆண்டுகள் போனபின் கொழுப்பை விழுங்கிய வெள்ளணுக்களும் அங்கேயே செத்துக் குழைந்துபோக, அதன் மேல் படர்ந்த மெல்லிய மூடி கிழிந்தால் ரத்தம் உறைந்து வழி அடைந்துவிடுகிறது. இவற்றில் பாதி, நோயாளி கண்விழித்து முதல் கஞ்சியைக் குடிக்கும் முன்பே தொடங்கிவிடும் காரியம்.

1967-இல் கிளீவ்லேண்டில் ரெனே ஃபவலோரோ கால் சிரையை இப்படிப் பயன்படுத்தும் முறையை நிலைநாட்டியதிலிருந்து மருத்துவ உலகம் இதனோடு போராடிக்கொண்டுதான் இருக்கிறது. பத்தாண்டில் கால் சிரைகளில் ஏறத்தாழப் பாதி மூடிப்போகின்றன, அல்லது மோசமாகச் சுருங்குகின்றன என்பதும், மார்புத் தமனியில் பத்துக்கு ஒன்பது திறந்தே இருக்கின்றன என்பதும் பல காலமாகத் தெரிந்தவை. செல்கள் பெருகுவதைத் தடுக்கும் மருந்தில் சிரையை ஊறவைத்துத் தைத்துப் பார்த்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2005-இல் வந்தது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்ந்த அந்த ஆய்வில் மருந்து பலிக்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்குக் குறையாமல் ஒரு சிரையாவது பழுதாகியிருந்தது. ஸ்வீடனின் ஒரெப்ரோ நகரில் டொமிங்கோஸ் சோசா என்ற மருத்துவர், சிரையைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே எடுத்து, புடைக்கவிடாமல் தைத்து நல்ல பலன் கண்டார். எடுக்கும் விதத்திலேயே இவ்வளவு இருக்கும்போது, பழி முழுவதையும் நோயாளியின் நாக்கின் மேல் போடுவது எப்படி நியாயமாகும்?

உணவும் கொழுப்பும் பொருட்டே அல்ல என்று நான் சொல்லவில்லை. 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கெட்ட கொழுப்பை மாத்திரையால் நன்றாகக் குறைத்தவர்களின் சிரை இணைப்புகளில் நூற்றுக்கு 27-இல் நோய் முற்றியது. மிதமாகக் குறைத்தவர்களுக்கு அது 39 ஆக இருந்தது. இதைச் சொல்லும்போது பழைய வருத்தம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில்தான் பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று முழுப் பக்கம் வந்தது. அதை நம்பி என் கணவர் நான்கு மாதம் கொழுப்பு மாத்திரையை நிறுத்தினார். அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்ன பக்கமும், அடைப்பு வந்தால் நோயாளியே பொறுப்பு என்று சொன்ன பக்கமும் ஒரே இதழில் வந்தவை என்பதைத் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையும் இதைப் பற்றி எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. கால் சிரைக்கு ஆயுள் குறைவு என்பதை எட்டாம் ஆண்டில், ஆஞ்சியோ அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன். பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும், "வீட்டில் கொஞ்சம் கவனமாகச் சமைத்திருக்கலாம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பது தங்கள் இதழில் வருவது போன்ற வரிகள்தான்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அடுத்த இதழில், அதே மருத்துவப் பகுதியில், அந்த வரி தவறு என்று இரண்டு வரிகள் போடுங்கள். இடமிருந்தால், பைபாஸ் செய்துகொண்டவர்கள் தங்கள் இணைப்புகளில் எத்தனை மார்பிலிருந்து, எத்தனை காலிலிருந்து எடுத்தவை என்று கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளும்படியும், ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதழ் வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி