டெல்லி அகதிகளின் ஊராகவும் இருந்தது: பாடநூல் குழுவினருக்கு ஒரு மடல்

பள்ளி வரலாற்றுப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு வணக்கம்.

டெல்லி சுல்தான் இல்துமிஷ் என்றாலே மறக்காமல் வருகிற வரி ஒன்று உண்டு. 1221இல் செங்கிஸ்கானிடம் தோற்று ஓடி வந்த, நடு ஆசியாவின் குவாரிசம் நாட்டு இளவரசர் ஜலாலுதீனுக்கு அடைக்கலம் மறுத்து டெல்லியைக் காப்பாற்றினார் என்பார்கள். சரி. ஆனால் அதே மங்கோலியருக்குத் தப்பி வந்த காஜிகளையும் (நீதிபதிகள்) உலமாக்களையும் (மார்க்க அறிஞர்கள்) அதே சுல்தான் உள்ளே அழைத்து வேலை கொடுத்தாரே, அதை ஏன் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்?

மின்ஹாஜ் உஸ் சிராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். 'தபகத்-இ-நசிரி எழுதியவர் யார்' என்ற ஒரு மதிப்பெண் கேள்வியோடு மாணவர்கள் மறந்துவிடுகிற ஆள். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள கோர் நாட்டுக்காரர், அந்தப் பக்கமெல்லாம் மங்கோலியர் கையில் சீரழிந்தபின் 1227இல் (இன்றைய பாகிஸ்தானில் உள்ள) உச் நகருக்கு வந்தார், அங்கே ஆண்ட குபாச்சா ஒரு மதரஸாவையே அவரிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு இல்துமிஷ் உச்சைப் பிடித்ததும் மனிதர் ஜெயித்தவரோடு டெல்லிக்குக் கிளம்பிவிட்டார் (பிழைக்கத் தெரிந்தவர்!). அப்புறம் குவாலியர் கோட்டை இல்துமிஷிடம் விழுந்தபோது அங்கே காஜி, 1241இல் டெல்லிக்கே தலைமைக் காஜி.

இதெல்லாம் வெறும் இரக்கத்தில் நடந்ததில்லை. இல்துமிஷ் ஒரு காலத்தில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. 1229இல் பாக்தாத் கலீஃபாவின் அங்கீகாரம் வந்துவிட்டாலும், புதிதாகப் பிடித்த ஊர்களில் வழக்குத் தீர்க்கவும், ஜும்மாவில் அவர் பெயரைச் சொல்லி குத்பா (தொழுகை உரை) ஓதவும், மதரஸா நடத்தவும் படித்த ஆட்கள் வேண்டியிருந்தது. படையோடு வந்த இளவரசரால் ஆபத்து, கிதாபோடு (புத்தகத்தோடு) வந்த ஆலிமால் (மார்க்க அறிஞரால்) லாபம். யாருக்குக் கதவைத் திறப்பது என்பதில் அரசாங்கக் கணக்கு இருந்தது, அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அதற்காக அகதிகளைப் பாவம் என்று மட்டும் காட்டிவிடாதீர்கள். இதே மின்ஹாஜ் பின்னாளில் குராசானில் (ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம்) இருந்த தன் சகோதரிக்கு அனுப்ப அடிமைகளை முல்தானுக்குக் கொண்டுபோனதை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

பிற்கால டெல்லி சுல்தான் பால்பன் காலத்தில் சமர்கந்தி, காஷ்கரி என்று வந்தவர்களின் ஊர்ப் பெயரில் டெல்லியில் தெருக்களே இருந்தன என்கிறார் வரலாற்றாசிரியர் பெரிஷ்தா. அவர் எழுதியது 300 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதையும் சேர்த்தே போடுங்கள், சான்றை எப்படி எடைபோடுவது என்று மாணவர்கள் பழகட்டும்.

ஒரு பத்தி போதும். இடமில்லை என்றால் போர்களின் பட்டியலில் இரண்டைக் குறையுங்கள்.