நூறு கிராம் அரிசி

அன்புள்ள ராசாத்திக்கு,

நான் சுகம். பேரன் எட்டாம் வகுப்புக்குப் போயிட்டான். கம்மாயில தண்ணி இல்லை. கிழக்குத் தெரு அத்தை கண்ணு ஆபரேசன் பண்ணி இப்ப ஊசியில நூல் கோக்குறாக. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

உன் மதினியைப் போன வாரம் சந்தையில பார்த்தேன். எல்லாத்தையும் சொல்லிட்டாக. காலையில டீயும் பன்னும், மத்தியானம் ஒண்ணும் கிடையாது, ராத்திரிக்கு எவனோ வண்டியில கொண்டு வந்து கொடுக்குற பொட்டலம், அதுலயும் பாதி குப்பைக்கு. போன மாசம் மாடிப்படியில தலை சுத்தி உக்காந்துட்டியாமே. "ஒருத்திக்குன்னு எதுக்கு அடுப்பைப் பத்த வைக்கணும்"னு வேற கேட்டியாமே. ஏட்டி, அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தக் கடுதாசி. ஒரு வருசமா எழுதாம இருந்தது என் தப்பு, ஒத்துக்கிடுதேன். நான் எழுதாததுக்கும் அதே வார்த்தைதான் காரணம்.

எங்க அம்மா செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் பஸ் ஏறிட்டாக. மறுநாள் காலையில அடுப்படியில போய் நின்னேன். எவ்வளவு அரிசி போடணும்னு தெரியலை. நெசமாத்தான் சொல்லுதேன். 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பிச்சப்போ, ஆதரவில்லாத பொம்பளைகளுக்கு முன்னுரிமைன்னு சொல்லி எனக்கும் வேலை கிடைச்சதே, அதுல இருந்து 2020 வரைக்கும் அளந்த கை இது. இன்னைக்கு 86 பிள்ளைன்னு வாத்தியார் சீட்டு அனுப்பினா 8 கிலோ 600 அரிசி. சமையலம்மா வராத நாள்ல நானே உலை வைப்பேன், ஒரு நாளும் குழைஞ்சதில்லை. வீட்டுல அம்மாவுக்குக் குழைவா தனி, எனக்குத் தனி. அந்தக் கைக்கு ஒருத்திக்கு உப்பு எத்தனை கல்லுன்னு தெரியலை. மொத நாள் கரிச்சது, மறுநாள் சப்புன்னு இருந்தது, மூணாம் நாள் வடிச்ச சோறு மாட்டுக்குப் போச்சு. பிறகு டீ, ரஸ்க். மூணு மாசம், ராசாத்தி. இடுப்புல சேலை நிக்கலை. மகன் திருப்பூர்ல இருந்து போன் போட்டா "சாப்பிட்டேம்பா"ன்னு பொய் சொன்னேன்.

ஆடி மாசம் டிரங்குப் பெட்டியை ஒதுங்க வைக்கும்போது பழைய அலுமினிய டம்ளர் ஒண்ணு கையில பட்டது. உள்பக்கம் ஆணியால கீறின கோடு ஒண்ணு இருக்கும். நூறு கிராம் அரிசி அந்தக் கோட்டுக்கு வரும். "எம்பிள்ளைக்குச் சோறு குறையுது"ன்னு எந்தத் தாயாவது சண்டைக்கு வந்தா அதுல அளந்து காட்டுவேன். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு நூறு கிராம், இதுல ஒரு மணி குறைஞ்சாலும் என்னைக் கேளுன்னு சொல்லுவேன். அன்னைக்கு அந்த டம்ளரைக் கழுவி, கோடு வரைக்கும் அரிசியை அள்ளி, எனக்காகப் பொங்கினேன். பதிவேடு மாதிரி ஒரு நோட்டும் போட்டேன். தேதி, வருகை 1, அரிசி 100 கிராம். இன்னைக்கு வரைக்கும் எழுதிட்டு வாரேன். வருகை இல்லாத நாள் ஒண்ணுகூட இல்லை.

நான் ஓய்வு பெறும்போது கொரோனா. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்புமாத்தான் அளந்து கொடுத்தோம். கடைசி நாள் என் கையால சோறு போட்டு, முட்டையை உரிச்சு வச்சுட்டு வரணும்னு எத்தனை வருசமா நினைச்சிருந்தேன். நடக்கலை. அந்த அடுப்பு இப்ப எங்க வீட்டுல எரியுதுன்னு நினைச்சுக்கிடுதேன்.

இனி கணக்கைச் சொல்லுதேன், கவனமாப் படி. ஒத்தை ஆள் கார்டுக்கு மாசம் 12 கிலோ அரிசி சும்மா கிடைக்குது. ரெண்டு வேளையும் சோறு தின்னாலும் ஆறு கிலோ. மிச்சத்துல இட்லிக்கு ஊறப்போடலாம். பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் 25 ரூவா. எனக்கு வார சின்னப் பென்சனுக்குள்ளதான் எல்லாம். நாலு உழக்கு அரிசிக்கு ஒரு உழக்கு உளுந்து போட்டு ஆட்டினா அஞ்சு நாளைக்கு வரும். மொத ரெண்டு நாள் இட்லி, மூணாம் நாள் தோசை, நாலாம் நாள் சின்ன வெங்காயம் வெட்டிப் போட்டு ஊத்தப்பம், அஞ்சாம் நாள் புளிச்சதைப் பணியாரமா ஊத்திரு. எதுவும் வீணாகாது.

குழம்பு மூணு நாளைக்கு, தொட்டுக்கிட வெஞ்சனம் அன்னன்னைக்கு. இதை மட்டும் மனசுல வை. தினம் குழம்பு கூட்டணும்னு நினைச்சாத்தான் மலைப்பா இருக்கும். நெல்லிக்காய் அளவு புளி, ஒரு கை சுண்டவத்தல், நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமா. சுண்ட விட்டு இறக்கினா மூணாம் நாள்தான் அதுக்கு உசுரே வரும். வெஞ்சனத்துக்கு முருங்கைக்கீரை ஒரு கொத்து, இல்லைன்னா ஒத்தை முட்டை. பெரிய சட்டியில தாளிச்சா கடுகு வெடிக்கிறதுக்குள்ள கருகுது. சின்னதா ஒரு இரும்புத் தாளிப்புக் கரண்டி வாங்கிக்கோ. நான் வாங்கினதுல அதுதான் உருப்படியான சாமான்.

கானத் தொவையலை, அதான் கொள்ளுத் தொவையலை, விட்டுறாத. ஒரு கைப்பிடி கானத்தை வெறுஞ்சட்டியில போட்டு, கைவிடாம வறு. மொதல்ல ஒரு வாசமும் வராது. பிறகு ஒண்ணு ரெண்டு தெறிக்கும். அப்ப அவசரப்பட்டு இறக்காத. நிறம் மாறி, நனைஞ்ச மண்ணு காயுற மாதிரி ஒரு வாசம் எழும்பும், அப்ப இறக்கு. ரெண்டு வத்தல், ரெண்டு பல் பூண்டு, ஒரு சில்லு தேங்கா, துளி புளி, உப்பு. மைய அரைக்கக் கூடாது, பல்லுல நறநறன்னு படணும். பழைய சோத்துக்கு இது இருந்தா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

பழைய சோறுன்னதும் உங்க வீட்டுப் பொறவாசல் ஞாபகம் வந்துருச்சு. உங்க வீட்டுல நெல்லுச்சோறு, எங்க வீட்டுல கம்மங்கூழு. எனக்கு நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். நீ கும்பாவோட வந்து பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னாடி மாத்திக்கிடுவ. கூழு பிடிக்கும்னுதான் மாத்துதேன்னு சொல்லுவ. எத்தனையோ வருசம் நானும் அதை நம்பினேன். அப்பமே உனக்குக் கூழு தொண்டையில இறங்காதுன்னு உங்க அம்மா சாகுறதுக்கு முந்தி என்கிட்டச் சொன்னாக. இத்தனை நாளா இதை உன்கிட்டக் கேட்கலை. இப்பவும் கேட்கலை, எழுதி வைக்குதேன், அவ்வளவுதான். இப்ப பாரு, நெல்லரிசி சும்மா கிடைக்குது, கம்புக்குத்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கு.

சொன்னா நீ நம்பமாட்ட, போன மாசம் கேர் மாவு உப்புமா, அதான் நாம படிக்கும்போது அமெரிக்காவுல இருந்து கேர் அமைப்பு அனுப்பி பள்ளிக்கூடத்துல போட்ட மக்காச்சோள மாவு உப்புமா, கிண்டிப் பார்த்தேன். நம்ம பக்கத்துக் கரிசக்காடு பூரா இப்ப மக்காச்சோளம்தான். வெளையுறது நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்குப் போகுது. பக்கத்து வீட்டுத் தம்பிகிட்ட ஒரு படி வாங்கி, மில்லுல ரவையா உடைச்சுட்டு வந்தேன். அந்த மஞ்ச நிறத்தைப் பார்த்ததும் நான் ஒண்ணாம் வகுப்புக்கே போயிட்டேன். ரெண்டு கை குலுக்குற படம் போட்ட சாக்கு, அதே படம் போட்ட எண்ணெய் டின், மரத்தடியில மூணு கல்லு அடுப்பு, துடுப்பு மாதிரி நீளக் கரண்டியோட அந்தப் பாட்டி. நாம தட்டைத் தட்டிக்கிட்டே வரிசையில நிப்போம். காமராஜர் 1956ல நம்ம எட்டயபுரத்துல ஆரம்பிச்சு வச்ச சோறு, நம்ம காலத்துக்கு அமெரிக்கா மாவா வந்துச்சு. காலிச் சாக்குல உங்க அண்ணனுக்கு டவுசர் தைச்சுப் போட்டு, அந்தக் கை குலுக்குற படம் பின்னாடி வந்து விழுந்துச்சே, அதை நினைச்சு அடுப்புக்கு முன்னாடி தனியா நின்னு சிரிச்சேன்.

ஆனா ருசி வரலை, ராசாத்தி. நம்ம ரவையில உமி வாசம் அடிக்குது, வேகவும் நேரம் பிடிக்குது. அந்த மாவு வாயில வச்சா வழுக்கிக்கிட்டுப் போகும். ராத்திரியே ஊறப்போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் தேவலை. தண்ணிக்குப் பதிலா வடிகஞ்சி ஊத்தினேன், இன்னும் கொஞ்சம் கிட்ட வந்துச்சு. நாலு தடவை கிண்டிட்டேன். நோட்டுல நாலும் இருக்கு.

உடம்பு விசயம் ஒண்ணு. சுகருக்கு மாத்திரை போட்டுக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிடாம இருக்காத. படியில உக்கார்ந்ததுனால தப்பிச்ச, விழுந்திருந்தா அந்த அடுக்குமாடியில யாரு பார்ப்பா? அம்மாவைக் கொடுத்துட்டேன். மிச்சம் இருக்குற ஆளு நீ ஒருத்திதான். எனக்கு வேற யாரும் அந்தச் சுவருக்குப் பின்னாடி நின்னவுக இல்லை.

உன் அண்ணன் மகன் வார வெள்ளிக்கிழமை மெட்ராசு போறானாம். கடலைமிட்டாய் அரைக் கிலோ, வறுத்த கானம் ஒரு டப்பா, சுண்டவத்தல் கொடுத்து விடுதேன். கடலைமிட்டாய் வீட்டுக்கு வார பிள்ளைகளுக்கு, உனக்கில்லை. கூடவே ஒரு டம்ளரும் இருக்கும். உள்பக்கம் பாரு, ஆணியால கோடு போட்டிருக்கேன். ஒரு நோட்டும் வாங்கிக்கோ.

பதில் எழுதும்போது ஒண்ணை மட்டும் ஞாபகப்படுத்திச் சொல்லு. அந்தப் பாட்டி உப்புமாவுக்குக் கடுகு தாளிச்சாகளா, இல்லை வெறும் வெங்காயம்தானா? நீதான் எப்பவும் வரிசையில மொத ஆளா நிப்ப.

உன்
பேச்சி